குழாயில் நின்ற தண்ணீர்

ஆறாம் நம்பர் அறையில் சத்தம் நின்று ஒன்றரை நாள் ஆகியிருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அது நிம்மதி. அமராவதி மட்டும் அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வென்டிலேட்டர் குழாய்க்குள் தண்ணீர் நின்று கொளக் கொளக் என்று போடும் சத்தம் அது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கொளக். தண்ணீர் கூடிப்போனால் மிஷின் அலறும். நர்ஸ் ஓடி வருவாள், குழாயைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டுவாள், போவாள். அரை மணியில் மறுபடியும் அலறும். இரண்டு வாரம் அப்படித்தான் ஓடியது. இப்போது ஒரு சத்தமும் இல்லை. குழாயின் உள்பக்கம் துடைத்து வைத்த மாதிரி காய்ந்து கிடந்தது.

கட்டிலில் கிடந்தது அவள் புருஷன் ஆத்தப்பன். ஐம்பத்தொரு வயது. மங்கலம் ரோட்டுப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் ஓட்டுகிறவன். வயிற்றுப்போக்கு வந்து நின்ற பத்தாம் நாள் பாதத்தில் மதமதப்பு என்றான். மறுநாள் எழுந்து நிற்க முடியவில்லை. அதற்கு மறுநாள் கை தூக்க முடியவில்லை. நான்காம் நாள் மூச்சு இழுக்கிற சதையும் ஓய்ந்துபோனது. நரம்பைப் பிடிக்கிற வியாதி, தானாகவே திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்கு ஆகும், அதுவரை மிஷின்தான் மூச்சு விட வேண்டும் என்று பெரிய டாக்டர் சொன்னார். தொண்டைக்குழியில் ஓட்டை போட்டு ஒரு சின்னக் குழாயைச் செருகி, அதில் மிஷினின் பெரிய குழாயை மாட்டினார்கள். உடம்பு செத்த மாதிரி கிடந்ததே தவிர, புத்தி முழுசாக இருந்தது. கேட்டதற்குக் கண்ணை ஒருமுறை இமைத்தால் ஆமாம். இரண்டுமுறை என்றால் இல்லை.

பாய்லர் சர்டிபிகேட் ஆத்தப்பன் பேரில். ஆனால் பதினாறு வருஷமாக விறகு தள்ளியதும், சாம்பல் வாரியதும், பட்டறை முழுக்க ஓடும் நீராவிக் குழாய்களில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிட்டு அடைத்ததும் அமராவதி. மூலனூர்ப் பக்கத்தில் காய்ந்த காட்டை விட்டுவிட்டு இரண்டு பேருமாகத்தான் வந்து சேர்ந்தார்கள். சம்பளச் சீட்டில் அவளுக்கு எழுதியிருப்பது ஹெல்பர்.

அவள் தலையெழுத்து, அந்தச் சத்தத்தை நிறுத்தியதே அவள்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், முதுகில் புண் வந்துவிடக்கூடாதென்று இரண்டு நர்ஸுகள் ஆத்தப்பனை ஒருக்களித்துப் புரட்டினார்கள். கட்டிலுக்குக் கீழே தொப்பை போட்டுத் தொங்கிய குழாய் மேலே ஏறியது. அதில் நின்ற தண்ணீர் மொத்தமும் சரசரவென்று அவன் தொண்டை ஓட்டைக்குள் இறங்கியது. ஆத்தப்பனின் உதடு நீலம் பாய்ந்தது. கண் பிதுங்கியது. இரும முடியாத மனிதன் எப்படி இருமுவான்?

பாய்லர்க்காரிக்குத் தண்ணீர் என்றால் பயம். குழாயில் நின்ற தண்ணீரின் மேல் நீராவியைத் திறந்துவிட்டால், அது தண்ணீரைச் சம்மட்டி மாதிரித் தூக்கி அடிக்கும். எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு குழாய் மூட்டு தெறித்து, ஒருத்தனுக்குத் தோள்பட்டையே கழன்றது. அன்றிலிருந்து அவள் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். குழாயில் தண்ணீர் தட்டினால் ஓடிப்போய் மெயின் வால்வை மூடு.

"அந்தப் பானைய அணைங்க! தண்ணி போகுதில்லீங்க, அணைச்சுத் தொலைங்கம்மா!" என்று அவள் கத்தினாள்.

மிஷினுக்குக் கீழே சூடேறும் தட்டின் மேல் கண்ணாடிப் பானை மாதிரி ஒரு டப்பா. அதில் தண்ணீர். காற்று அதன் வழியாகத்தான் ஆத்தப்பனுக்குப் போகிறது. இன்சார்ஜ் சிஸ்டர் அனுசுயா குனிந்து அதன் திருகை அணைத்தாள். பிறகு உறிஞ்சு குழாயை விட்டுத் தண்ணீரை எடுத்தார்கள். ஆத்தப்பன் திரும்பி வந்தான்.

வால்வை மூடுவது சரி. ஆனால் மூடிய வால்வைத் தண்ணீர் வடித்த பிறகு திறக்க வேண்டும். பட்டறையில் அதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. இங்கே மறந்தாள். எல்லோரும் மறந்தார்கள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அனுசுயா வந்து சளி எடுத்தாள். தென்காசிப் பக்கத்துக்காரி, கெட்டிக்காரி, ஆனால் எப்போதும் பாதி ஓட்டத்தில் இருப்பாள். உறிஞ்சு குழாய் உள்ளே போகும்போது ஓரிடத்தில் தட்டி நின்று, பிறகு வழுக்கிக்கொண்டு போனது. வெளியே வந்ததைப் பார்த்தாள் அமராவதி. முந்தாநாள் வரைக்கும் கஞ்சித் தண்ணீர் மாதிரி வந்த சளி, இப்போது வேப்பம்பிசின் மாதிரி மஞ்சளாகக் குழாய் முனையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்துபோய்ப் பெரிய குழாயின் மேல் புறங்கையை வைத்தாள். ஜில்லென்றிருந்தது.

"ஏனுங்க சிஸ்டர், அந்தப் பானைய மறுக்கா ஆன் பண்ணிருங்க."

"ஏன் யக்கா, நல்லாத்தானே போய்ட்டு இருக்கு. ரெண்டு நாளா ஒரு அலாரம் உண்டா?"

"அலாரம் இல்லீங்க. சளி இறுகுது பாருங்க. உள்ள காஞ்சு போச்சு."

"நீங்கதானே அணைக்கச் சொன்னிய?" அனுசுயா கட்டில் காலில் தொங்கிய நோட்டை எடுத்துப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தாள். "இந்தா எழுதியிருக்கேன். நோயாளியோட மனைவி கேட்டுக்கிட்டதால ஹீட்டர் நிறுத்தப்பட்டது. தேதி, நேரம் எல்லாம் இருக்கு."

"சொன்னேனுங்க. தப்பாச் சொல்லிப்போட்டேன். இப்ப சரியாச் சொல்றேன், எழுதிக்குங்க."

"பானையில தண்ணி இருக்குல்லா? காத்து அது மேலதானே போகுது? ஈரம் போகத்தான் செய்யும்."

"அடுப்பு பத்த வெக்காம பாய்லர்ல தண்ணிய மட்டும் ரொப்பி வெச்சா துணி வெந்துருமுங்களா சிஸ்டர்?"

அனுசுயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் திருகைத் தொடவில்லை. "ஆன் பண்ணா தண்ணி தேங்கும், புரட்டையில உள்ள போகும். உங்க வூட்டுக்காரருக்குத்தான் கஷ்டம். மூக்கு மாதிரி ஈரத்தைப் பிடிச்சு வெச்சுத் திருப்பிக் குடுக்க சின்ன டப்பா ஒண்ணு இருக்கு. அதை மாட்டினா இந்தப் பானையே வேண்டாம். திங்கக்கிழமையில இருந்து ஸ்டாக் இல்ல. வந்ததும் மாட்டுதேன்."

"எப்ப வருமுங்க?"

"கேட்டுருக்கு."

"கேட்டிருக்கறது வந்து சேர்றதுக்குள்ள இவரு மூச்சுக்கு யாரு பதிலுங்க?"

அனுசுயா ஏழாம் நம்பருக்கு ஓடினாள். அங்கே ஏதோ அலறிக்கொண்டிருந்தது.

அமராவதி கட்டிலருகே குனிந்தாள். "ஏனுங்க, உள்ள காஞ்சு கெடக்குதா?"

ஆத்தப்பன் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தான். மெதுவாக, அழுத்தி.

பத்து மணிக்கு டியூட்டி டாக்டர் அருள்செல்வன் வந்தார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான். இதே ஊர், ராயபுரத்துப் பையன். யாரைப் பார்த்தாலும் முதலில் கும்பிடப் போய், பிறகு டாக்டர் என்ற ஞாபகம் வந்து கையை இறக்கிக்கொள்கிறவர். திரையைப் பார்த்தார். "ஆக்சிஜன் தொண்ணூத்தாறு இருக்குதுங்கம்மா. நல்லாத்தான் இருக்காரு."

"சாமி, அந்த நம்பரை விடுங்க. இவத்தால வாங்க." அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயின் மேல் வைத்தாள். டாக்டர் கூச்சத்தில் நெளிந்தார். "பானைக்கிட்டத் தொட்டுப் பாருங்க. இப்ப நோயாளிக்கிட்டத் தொட்டுப் பாருங்க. ரெண்டும் பச்சைத் தண்ணி மாதிரி. இந்தக் காத்து என்னத்தத் தூக்கிட்டுப் போகும்?"

அருள்செல்வன் கையை எடுக்கவில்லை. படித்தது எங்கேயோ அடியில் கிடந்து மேலே வருவது முகத்தில் தெரிந்தது.

"மூக்கு வழியாப் போனா, மூக்கே காத்தைச் சூடு பண்ணி நனைச்சு உள்ள அனுப்பிருமுங்க. இவருக்கு மூக்கைத் தாண்டித் தொண்டையிலயே போகுது. செவுத்துல இருந்து வர்ற ஆக்சிஜன்ல துளி ஈரம் இருக்காது, காய வெச்சுத்தான் அடைக்கறாங்க." அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி விரல் மடக்கினார். "உடம்புச் சூடு முப்பத்தேழு டிகிரி. அந்தச் சூட்டுல ஒரு லிட்டர் காத்து நாப்பத்திநாலு மில்லிகிராம் தண்ணி சுமக்கும். இந்த ரூம்ல இருபது டிகிரிதான் இருக்கும். இருபதுல பதினேழுதான் சுமக்கும்."

"மிச்சம் இருபத்தேழு?"

"உள்ள போய்ச் சூடானதும் தாகம் எடுக்கும். அவரு நெஞ்சுக்குள்ள இருந்துதான் எடுத்துக்கும்."

"ஒவ்வொரு மூச்சுக்குமா?"

"ஒவ்வொரு மூச்சுக்கும்."

"ஒன்றரை நாளா இவருகிட்டயே புடுங்கித் தின்னுட்டிருக்குது. பார்த்துட்டு நிக்கறீங்களே சாமி."

அருள்செல்வன் உதட்டைக் கடித்தார். "பெரிய டாக்டர் பன்னெண்டு மணிக்கு வந்துருவாருங்க. அவரைக் கேட்டுட்டு..."

"பன்னெண்டு மணி வரைக்கும் இவரு மூச்சு விடாம இருக்கட்டுங்களா?"

அவள் குரல் உயர்ந்தது அவளுக்கே தெரியவில்லை. பாய்லர் ஓடும்போது பேசிப் பழகிய தொண்டை. நடைபாதை முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். யாரோ போன் போட்டு, மேனேஜர் தங்கதுரை வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு செல்போன்.

"என்ன இங்க கூட்டம்? ஏம்மா, உங்களை உள்ள உக்கார விட்டதே பெரிசு. ஐ.சி.யூ.வுல இருந்திருந்தா காலைல பத்து நிமிசம், சாயங்காலம் பத்து நிமிசம், அவ்வளவுதான் தெரியுமா?"

"தெரியுமுங்க. பானைய ஆன் பண்ணிட்டா வாய மூடிட்டு உக்காந்துக்கறேனுங்க."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"பாய்லர்லீங்க."

"விறகு தள்றவங்க எல்லாம் வென்டிலேட்டர் ஓட்ட ஆரம்பிச்சா, டாக்டருக்குப் படிச்சவங்க என்ன, விறகு தள்ளப் போறதா?"

"போகட்டுமுங்க. நாலு நாள் தள்ளினா, தண்ணி எப்ப ஆவியாகும், ஆவி எப்பத் தண்ணியாகும்னு கை கத்துக்கும்."

அருள்செல்வன் தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்கிறாரா, வெட்கப்படுகிறாரா என்று தெரியவில்லை.

"நோயாளி என்ன சொல்றாரு, கேளுங்க" என்றாள் அமராவதி. "ஏனுங்க, பானைய ஆன் பண்ணச் சொல்லட்டுமா?"

ஆத்தப்பன் கண்ணை மூடித் திறந்தான்.

"கண்ணடிக்கறதெல்லாம் சாட்சியா?" என்றார் தங்கதுரை. "அம்மிணி, வெளிய வாங்க. பாஸை கேன்சல் பண்றேன். நாளைக்கு உங்க சைடுல படிச்சவங்க யாராவது இருந்தா அனுப்பி விடுங்க."

"நான் போறதில்லீங்க."

"செக்யூரிட்டியக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க. வர்றதுக்குள்ள வேலையாயிரும்."

அவள் குனிந்தாள். பதினாறு வருஷம் வால்வு திருகிய கை. அந்தச் சின்னத் திருகு அவள் விரலுக்கு ஒரு பொருட்டே இல்லை. டக் என்றது. தட்டுக்குக் கீழே ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

"ஏய்!" என்றார் தங்கதுரை.

அந்த நொடியில் மிஷின் அலறியது.

சாதாரண அலறல் இல்லை. மூன்று தடவை விட்டு விட்டு, கூர்மையாக. திரையில் சிவப்பு. மிஷின் காற்றைத் தள்ளுகிறது, உள்ளே போகவில்லை. ஆத்தப்பனின் நெஞ்சு ஏறவே இல்லை. தொண்ணூற்றாறு தொண்ணூறானது, எண்பத்தைந்தானது.

"பார்த்தியா! கை வெச்ச, பார்த்தியா! எல்லாரும் பார்த்தீங்கல்ல? இந்தப் பொம்பளைதான் கை வெச்சது!" தங்கதுரை செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

அமராவதி திருகிலிருந்து கையை எடுத்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், தான்தான் கொன்றுவிட்டோம் என்று நினைத்தாள். அதற்குள் அனுசுயா ஓடி வந்து அவளை இடித்துத் தள்ளினாள்.

"அக்கட்டால போங்க எல்லாரும்!" இந்த ஊருக்கு வந்து கற்றுக்கொண்ட வார்த்தை, அவசரத்தில் அதுதான் அவள் வாயில் வந்தது. குழாயைக் கழற்றி, கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பையை மாட்டி அழுத்தினாள். பை கல் மாதிரி இருந்தது. அமுங்கவில்லை. உறிஞ்சு குழாயை விட்டாள். இரண்டு விரற்கடை போய் முட்டி நின்றது.

"அடைச்சிருச்சு டாக்டர். டியூப் அடைச்சிருச்சு."

எழுபத்தெட்டு. எழுபத்தொன்று. ஆத்தப்பனின் கண் அமராவதியை விட்டு நகரவில்லை. அவளும் நகரவில்லை.

"புது உள் டியூபை எடுங்க" என்றார் அருள்செல்வன். தொண்டைக் குழாய் இரண்டு அடுக்கு. வெளிக்குழாய் கழுத்திலேயே இருக்கும், உள்குழாயை மட்டும் உருவலாம். அவர் பிடித்துத் திருகி உருவினார். வரமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டு, பிறகு சளக்கென்று வந்தது. அனுசுயா புதுசைப் பிரித்துச் செருகினாள். பையை அழுத்தினாள்.

பை அமுங்கியது. ஆத்தப்பனின் நெஞ்சு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

எழுபத்தைந்து, எண்பத்திரண்டு, தொண்ணூறு என்று எண் ஏறி வரும்வரை அழுத்திவிட்டு, அனுசுயா மிஷின் குழாயைத் திரும்ப மாட்டினாள்.

அருள்செல்வன் உருவிய குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு முனையில் கண் வைத்தால் மறுமுனை தெரியவில்லை. உள்ளே மஞ்சளும் கறுப்புமாகப் பொருக்குப் பொருக்காகச் சளி காய்ந்து, சுற்றுவட்டம் முழுக்க ஏறி, நடுவில் ஊசி நுழையும் ஓட்டைதான் இருந்தது. அந்த ஓட்டையையும் கடைசியாக ஒரு துணுக்கு வந்து மூடியிருந்தது. அமராவதி எட்டிப் பார்த்தாள். உப்புத் தண்ணீர் ஊற்றிய பாய்லர் குழாயை வருஷ முடிவில் கழற்றினால் இப்படித்தான் இருக்கும்.

"அந்தம்மா கை வெச்சதாலதான் ஆச்சு. ரெக்கார்ட் ஆயிருக்கு. ரிப்போர்ட் எழுதணும்" என்றார் தங்கதுரை.

அனுசுயா திரும்பினாள். நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்திருந்தது. "எழுதலாம் சார். அரை நிமிசத்துல இது காய்ஞ்சு ஒட்டாது. ஒன்றரை நாள் ஆகும். அதையும் சேத்து எழுதலாம். அணைச்சது நான். திருப்பிப் பாக்காததும் நான்."

தங்கதுரை செல்போனை இறக்கினார்.

"ஹீட்டர் ஆன்லயே இருக்கட்டும்" என்றார் அருள்செல்வன். "பெரிய டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"இருக்கட்டும் டாக்டர். நான் ஒண்ணும் வேணாங்கலை" என்றாள் அனுசுயா. "தண்ணி வரும். அலாரம் அடிக்கும். பதினோரு பெட்டுக்கு நாங்க ரெண்டு பேரு. செவ்வாக்கிழமை மாதிரி இன்னொரு தடவை உள்ள இறங்குனா யாரு பதில்?"

அது நியாயமான பேச்சு. அமராவதிக்குத் தெரிந்தது. இவள் சோம்பேறி இல்லை, இரண்டு கால்தான் இருக்கிறது இவளுக்கு.

"சிஸ்டர், லைன்ல தண்ணி நிக்குதுன்னு யாரும் பாய்லரை அணைக்க மாட்டாங்க" என்றாள். "நானே அந்தத் தப்பைச் செஞ்சேன், அதனால சொல்றேன். ஆவி சூடா இருக்கற மட்டும் தண்ணியச் சுமக்கும். வழியில குளுந்துபோச்சுன்னா பொத்துனு கீழ போட்டுரும். அதுக்கு என்ன பண்ணோணும்? குளுர விடக்கூடாது. மீறி விழுந்த தண்ணி வடியறதுக்கு வழி வெக்கோணும். இங்க ரெண்டும் தலைகீழா இருக்குது."

"என்ன தலைகீழு?"

அவள் காட்டினாள். தண்ணீர் பிடிக்கும் சின்னக் கிண்ணம் ஒன்று குழாயின் நடுவில் இருந்தது. அதைக் கட்டில் கம்பியில் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். போன மாதம் பெரிய ஆட்கள் பார்வையிட வந்தபோது, தரையில் ஒன்றும் தொங்கக்கூடாது, பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று தங்கதுரை கட்டச் சொன்னது. தண்ணீர் கீழே தொப்பையில், கிண்ணம் மேலே காலியாக.

"தண்ணி மேல ஏறிப்போய் அதுல உக்காருமுங்களா?" என்றாள் அமராவதி. "கிண்ணம் இருக்கற எடந்தான் குழாய்லயே பள்ளமா இருக்கோணும். அவரு கழுத்து மேடு, பானையும் மேடு. நடுவுல கிண்ணம் பள்ளம். அப்பப் புரட்டினாலும் தண்ணி அவருகிட்டப் போகாது."

அனுசுயா குனிந்து கட்டை அவிழ்த்தாள். அவிழ்க்கும்போது தங்கதுரையை ஒரு பார்வை பார்த்தாள். அவர் செல்போனைப் பார்த்தார்.

"ரெண்டாவது, இந்த ஏசி. நேராக் குழாய் மேலயே ஊதுது. பதினெட்டுல வெச்சிருக்கீங்க. நோயாளிக்கு வெக்குறீங்களா, மிஷினுக்கு வெக்குறீங்களா?"

அருள்செல்வன் ரிமோட்டை எடுத்து இருபத்தாறு வைத்தார். ஊதும் இறக்கையை மேலே திருப்பினார்.

"மூணாவது, குழாய்க்குச் சட்டை போடோணும்."

"சட்டையா?"

அவள் வெளியே போய்ப் பட்டறைக்குப் போன் போட்டாள். விறகு இறக்கும் வீரன் எடுத்தான். பக்கத்துப் பனியன் கம்பெனியில், இழுத்தால் நீளும் ரிப் துணி நாலு விரல் அகலத்தில் இருந்தால், வெள்ளை, ஒரு கட்டு வாங்கி, கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்து, அயர்ன் டேபிளில் சுடச்சுடத் தேய்த்து, புதுப் பாலித்தீன் கவரில் போட்டு எடுத்து வா என்றாள். ஒரு மணி நேரத்தில் டி.வி.எஸ். ஃபிப்டியில் வந்து இறங்கினான். கவரைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வெளியே நின்று குரல் கொடுத்தான்.

"அக்கா, டி-ஷர்ட் கழுத்து ரிப் தீந்துபோச்சாமா. இது ஜட்டிக் கால் ரிப்பு. பரவாயில்லீங்களா?"

நடைபாதையில் யாரோ கெக்கெக்கென்று சிரித்தார்கள்.

"ஜட்டிக்குத் தெக்கிற துணியையா வென்டிலேட்டருக்கு?" தங்கதுரைக்கு இப்போது பேச ஒரு விஷயம் கிடைத்தது. "இன்பெக்ஷன் ஆச்சுன்னா? வெளிய இருந்து அழுக்குத் துணியக் கொண்டாந்து..."

"ஜெர்மனிக்காரன் போடற ஜட்டிங்க. அவனுக்கு ஆகாத இன்பெக்ஷனா? கொதிச்ச துணி, தேச்ச துணி. தெனமும் புதுசாக் கொண்டாந்து மாத்தறேன். குழாய்க்கு வெளியதான் சுத்தறோம், உள்ள திணிக்கல."

அருள்செல்வன் குழாயைக் கையில் எடுத்து, அதன் தோலுக்குள் உற்றுப் பார்த்தார். "சில குழாய்க்குள்ள சூடு பண்ற ஒயர் ஓடும். அதுக்கு இப்படிச் சுத்தக் கூடாது, சூடு ஏறிரும். இதுல ஒயர் இல்ல. வெறுங்குழாய்." நிமிர்ந்தார். "சுத்துங்க. காத்து உள்ள போற குழாய்க்கு மட்டும். மூட்டுக மேல சுத்தாதீங்க, கழற்ற வேண்டி வரும்."

அவள் சுற்றினாள். நீராவிக் குழாய்க்குக் கல்நார்க் கயிறு சுற்றுகிற அதே சுற்று. ஒரு சுற்றின் பாதி அடுத்த சுற்றின் கீழ் ஒளிய, இழுத்துப் பிடித்து, ஆனால் நெரிக்காமல். கண்ணாடி மாதிரி இருந்த குழாய் வெள்ளைப் பாம்பு மாதிரி ஆனது. கிண்ணம் இருக்கும் இடத்தை மட்டும் திறந்து விட்டாள்.

தங்கதுரை ஒரு தாளோடு வந்தார். நோயாளியின் மனைவி தன் விருப்பப்படி இந்த மாற்றங்களைச் செய்கிறார், எது நடந்தாலும் ஆஸ்பத்திரி பொறுப்பல்ல என்று டைப் அடித்திருந்தது.

"படிச்சுக் காட்டுங்க" என்றாள். படித்தார். "போடறேனுங்க கையெழுத்து. அதுக்குக் கீழ நான் சொல்றதையும் அடிச்சுக் கொண்டாங்க. செவ்வாக்கிழமை அணைச்சதை வியாழக்கிழமை வரைக்கும் யாரும் திரும்பிப் பாக்கல. மாட்ட வேண்டிய டப்பா திங்கக்கிழமையில இருந்து இல்ல. தண்ணிக் கிண்ணத்தை அழகுக்குத் தூக்கிக் கட்டினது மேனேஜரு. நாலாவது, அணைக்கச் சொல்லிக் கத்தினது நான். அதையும் போடுங்க, எனக்குக் கூச்சம் இல்ல. எல்லாத்துக்கும் கீழ கையெழுத்துப் போடறேன்."

தாள் மடிந்து வெள்ளைச் சட்டைப் பைக்குள் போனது.

பெரிய டாக்டர் மூன்று மணிக்குத்தான் வந்தார். உருவிய குழாயைப் பார்த்தார். சுற்றிய துணியைப் பார்த்தார். அருள்செல்வன் சொன்னதைக் கேட்டார். "ம்" என்றார். சளியைக் கரைக்க மருந்துப் புகை எழுதினார். துணியை எடுக்கச் சொல்லவில்லை. அவ்வளவுதான். அவளைப் பார்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அமராவதியும் எதிர்பார்க்கவில்லை.

ஐந்து மணிக்கு அனுசுயா வந்தாள். கிண்ணத்தில் அரைக்கால் அளவு தண்ணீர் சேர்ந்திருந்தது. திருகிக் கழற்றி ஊற்றி மறுபடி மாட்டினாள். அலாரம் ஒன்றும் அடிக்கவில்லை. பிறகு சளி எடுத்தாள். உறிஞ்சு குழாய் எங்கும் தட்டவில்லை. சர்ரென்று உள்ளே போய், சர்ரென்று இழுத்தது. வந்தது நீர்த்த கஞ்சி மாதிரி, வெள்ளையாக, ஒழுகிக்கொண்டு. அமராவதி அதைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். கல்யாணத்தில் தாலியைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"நல்லா வருது யக்கா" என்றாள் அனுசுயா.

"வருமுங்க."

"ஏழாம் நம்பர்லயும் கிண்ணம் மேலதான் கட்டியிருக்கு. டியூட்டி முடிச்சுப் போறதுக்குள்ள அவுத்துடுதேன். எட்டையும்." சொல்லிவிட்டு, சொன்னதற்கே வெட்கப்பட்டவள் மாதிரி ஓடிப்போனாள்.

ஆறரை மணிக்கு செக்யூரிட்டி வந்து நின்றான். பீகார்ப் பக்கத்து ஆள், நரைத்த மீசை, தமிழில் மரியாதை எங்கே வைப்பது என்று இன்னும் தெரியாது.

"அம்மா, மேனேஜர் சார் சொன்னான். பாஸ் குடு. நாளைக்கு நீ வராதே."

அமராவதி முந்தானை முடிச்சிலிருந்து பாஸை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "பாஸ்தானுங்க கேட்டாரு? வெச்சுக்குங்க." ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ போகல்லியா?"

"இல்லீங்க."

"சார் என்னைத் திட்டுவான்."

"அப்பிடின்னா நீங்களும் உக்காருங்க. அந்தா, பெஞ்சு காலியாத்தான் இருக்குது."

அவன் பாஸையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். கட்டிலில் ஆத்தப்பனின் நெஞ்சு ஏறி இறங்கியது. அவள் துணியை ஓரிடத்தில் விலக்கி, கழுத்துப் பக்கத்துக் குழாயில் புறங்கையை வைத்தாள். சூடு இருந்தது. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.